திக்கோப்பியா: ஐந்து சதுர கி.மீ. தீவு மூவாயிரம் ஆண்டு எப்படிச் சாப்பிட்டது?

நெய்தல்நிலம்

ஈஸ்டர் தீவைப் பற்றி எந்த இழை தொடங்கினாலும் "மரத்தையெல்லாம் வெட்டினார்கள், அழிந்துபோனார்கள்" என்ற இடத்திலேயே வந்து நின்றுவிடுகிறது. அந்தக் கதையே இன்று கேள்விக்குள்ளாகிவிட்டது. இங்கே நான் பேச நினைப்பது பரப்பில் அதைவிட முப்பது மடங்குக்கு மேல் சிறிய ஒரு தீவைப் பற்றி.

திக்கோப்பியா. தென் அகலாங்கு 12° 18', கிழக்கு நெட்டாங்கு 168° 50'. சாலமன் தீவுகள் நாட்டின் தெமொட்டு மாகாணத்தைச் சேர்ந்தது. மாகாணத் தலைநகர் லாட்டா வடமேற்கே ஏறத்தாழ 370 கி.மீ. தள்ளி இருக்கிறது. வானிக்கோரோ என்ற அண்டைத் தீவு 220 கி.மீ. வடகிழக்கே அனூட்டா என்று ஒரு தங்கைத் தீவு, சுமார் 70 கடல்மைல். அது இன்னும் சிறியது, அரை சதுர கி.மீ. கூட இல்லை. வரைபடத்தில் இவையெல்லாம் மேற்குப் பசிபிக்கின் தீவுக்கூட்டமான மெலனீசியாவுக்குள் விழுகின்றன. ஆனால் மொழி, குலமுறை, தலைவர் மரபு எல்லாம் அதற்குக் கிழக்கே பரந்த பாலினேசியத் தீவுகளுடையவை.

தீவின் நிலப்பரப்பு சுமார் 4.6 சதுர கி.மீ. ரெயானி என்ற சிகரம் 380 மீ. உயரம். அதன் அடியில் பழைய எரிமலை வாயில் தெ ரோட்டோ என்ற ஏரி, 80 மீ. ஆழம். 1929இல் எடுத்த கணக்கில் 1,280 பேர் அளவுக்கு இருந்தார்கள், 1952இல் 1,750. அதாவது சதுர கிலோமீட்டருக்கு 280 பேர், பிறகு 380 பேர். கடை கிடையாது, துறைமுகம் கிடையாது, வருடத்துக்கு ஒரு கப்பல் வந்தாலே பெரிய விஷயம். இத்தனை வாய்க்குச் சோறு எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் ஒவ்வொரு பக்கமாக எடுத்துச் சொல்லுங்கள். "இயற்கையோடு இயைந்த வாழ்வு" என்று ஒரே வரியில் முடிக்க வேண்டாம்.

மண்வெட்டி

முதலில் மண்ணையும் மழையையும் பார்த்துவிடுவோம். இதைச் சொல்லாமல் மக்களின் அறிவை மட்டும் புகழ்ந்தால் கணக்கு தவறிப்போகும்.

திக்கோப்பியா எரிமலையின் வயது சுமார் 80,000 ஆண்டு. பசிபிக்கில் இது மிக இளம் நிலம். பாறை இன்னும் உதிர்ந்து பாஸ்பரஸும் பொட்டாசியமும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. மழை ஆண்டுக்கு 4,000 மி.மீ. அளவில், மாதம் தவறாமல். இந்த அகலாங்கில் தென்னையும் ஈரப்பலாவும் (சீமைப்பலா) சேம்பும் வாழையும் ஒன்றாக நன்றாக வளரும்.

இதோடு குக் தீவுகளில் உள்ள மங்காயியாவை ஒப்பிடுங்கள். 52 சதுர கி.மீ., அதாவது பதினோரு மடங்கு பெரியது. ஆனால் நடுவில் உள்ள எரிமலைக் குன்றுகள் கிட்டத்தட்ட இரண்டு கோடி ஆண்டு பழசு. மழை அடித்து அடித்துச் சத்தெல்லாம் போய், மிஞ்சியது செம்மண். அங்கே குடியேறியவர்கள் காட்டை எரித்துப் பயிரிட்டதும் மண் தோற்றுவிட்டது. எரித்த இடத்தில் காடு திரும்பவில்லை, பெரணிச்செடி மட்டும் மண்டியது. பிறகு பள்ளத்தாக்கின் அடியில் உள்ள சேம்பு வயல்களுக்காக அடிதடி. அதே மக்கள், அதே பயிர், அதே கருவிகள், மண் மட்டும் வேறு.

ஈஸ்டர் தீவோ தெற்கே 27°இல் இருக்கிறது. ஈரப்பலாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, மழையும் இங்கே பெய்வதில் மூன்றில் ஒரு பங்கு கூடத் தேறாது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஒருவர் புத்திசாலி, இன்னொருவர் முட்டாள் என்று தீர்ப்பு எழுதுவது நியாயமே இல்லை.

அகழ்குழி

மண்வெட்டி சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டு, காலவரிசையைச் சேர்க்கிறேன். பாட்ரிக் கிர்ச்சும் டக்ளஸ் யென்னும் 1977–78இல் இங்கே அகழ்ந்தார்கள். கிர்ச் தொல்லியலாளர், யென் தாவரங்களும் பயிர்களும் பார்ப்பவர். இந்தக் கூட்டணி இருந்ததால்தான் எலும்பும் கரியும் மட்டுமல்லாமல் தோட்டத்தின் வரலாறும் கிடைத்தது.

குடியேற்றம் கி.மு. 900 வாக்கில். கிக்கி என்ற இடத்தின் பெயரால் அழைக்கப்படும் முதல் கட்டம் கி.மு. 100 வரை. இந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே "இயைந்த வாழ்வு" என்ற பேச்சு அடிபட்டுவிடும். கரித்துகள் ஏராளம், அதாவது காட்டை எரித்துப் பயிர் செய்திருக்கிறார்கள். கடல்பறவை எலும்பு, ஆமை எலும்பு, பெரிய சிப்பிகள் எல்லாம் அடியில் குவிந்து கிடக்கின்றன. மேலே வர வர எண்ணிக்கை சரிகிறது, சிப்பிகளின் அளவும் சிறுத்துப்போகிறது. மண்மேட்டுக்குள் முட்டையிட்டு மண்ணின் சூட்டில் பொரிக்கவிடும் மெகாபோட் பறவை அடியில் உண்டு, மேலே இல்லை. தின்று தீர்த்துவிட்டார்கள்.

இரண்டாவது கட்டம் சினாப்பூப்பு, கி.மு. 100இலிருந்து கி.பி. 1200 வரை. கரி குறைகிறது. எரித்துப் பயிரிடுவதை விட்டு மரத்தோட்டத்துக்கு மாறியதன் அடையாளம் இது. காட்டு இறைச்சி குறைந்த இடத்தைப் பன்றி நிரப்புகிறது. பானையைத் தாங்களே செய்வதை நிறுத்திவிட்டு வனுவாட்டு பக்கமிருந்து வரவழைத்திருக்கிறார்கள். பேங்க்ஸ் தீவுகளிலிருந்து எரிமலைக் கண்ணாடிக் கல்லும் வந்திருக்கிறது. தீவு தனித்து இருந்தது என்று நினைப்பவர்கள் இந்த அடுக்கைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது துவாக்கமாலி, 1200 முதல் 1800 வரை. கிழக்கிலிருந்து பாலினேசியர் வந்து கலந்தது இப்போதுதான். இன்றைய குலங்களின் வாய்மொழி வரலாறும் அதையே சொல்கிறது. தவுமாக்கோ குலத்தின் முன்னோர் தொங்காவிலிருந்து வந்தவர் என்பது அவர்கள் மரபு.

ஆக, வந்தவுடன் இவர்களும் மற்றவர்கள் செய்ததையே செய்தார்கள். முதல் எண்ணூறு ஆண்டில் காட்டை எரித்தார்கள், பறவையைத் தின்றார்கள். பிறகு திருத்திக்கொண்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் திருத்தம்தான், தொடக்கம் அல்ல.

நெய்தல்நிலம்

மரத்தோட்டம் என்றால் சரியாக எப்படி? வரிசை வரிசையாகத் தோப்பா?

பனங்கூடல்

தோப்பு இல்லை. கடலில் நின்று பார்த்தால் காடு மாதிரித்தான் தெரியும். உள்ளே போனால் கிட்டத்தட்ட ஒவ்வொரு மரமும் நட்ட மரம், அல்லது வேண்டுமென்று விட்டுவைத்த மரம். உயரத் தட்டில் தென்னை, ஈரப்பலா, கானேரியம் என்ற கொட்டை மரம், தாஹித்திக் கொட்டை மரம், புர்க்கெல்லா. கடைசியில் சொன்னது எங்கள் இலுப்பைக் குடும்பம். நடுவில் வாழை. துணிக்குப் பட்டை உரிக்கும் மரம். தாழ்ந்த ஈர நிலத்தில் சாகோப் பனையும் பெரிய சதுப்புச் சேம்பும். நிழலடியில் சேம்பு, வள்ளி, மஞ்சள். பராமரிக்காத காடு என்று இருந்தால் அது மலையின் செங்குத்தான பக்கத்தில் மட்டும்.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒவ்வொரு பயிரும் வேறு வேறு விதமாகத் தோற்கும் என்பது. புயல் காற்றில் ஈரப்பலாவின் காயும் கிளையும் போகும், சேம்பு நிலத்துக்குள் தப்பும். கடல் நீர் ஏறினால் சேம்பு அழுகும், தென்னை தாங்கும். வறட்சி வந்தால் சேம்பும் வாழையும் சுருங்கும், வள்ளி நிலத்துக்குள் கிடக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் தோற்க வேண்டுமென்றால் காற்றும் உப்பும் வறட்சியும் சேர்ந்து வர வேண்டும். 1952இல் அதுதான் வந்தது.

அதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள்: குழி. ஈரப்பலாவைப் புளிக்கவைத்துப் புதைக்கும் மஸி. இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் தீவின் உண்மையான களஞ்சியம் இதுதான்.

நன்கு வளர்ந்த ஒரு ஈரப்பலா மரம் ஆண்டுக்கு நூற்றைம்பது இருநூறு காய் கொடுக்கும். சிக்கல் என்னவென்றால் பெரும்பகுதி ஒரே பருவத்தில் வந்து விழும், பறித்த காய் சில நாளில் கனிந்து குழைந்துவிடும். தின்று முடிக்க முடியாது. ஆகவே முற்றிய, ஆனால் இன்னும் குழையாத காயாகப் பார்த்து எடுப்பார்கள். தோல் சீவி, நடுத்தண்டை எடுத்துத் துண்டாக்குவார்கள். நீர் தேங்காத, வடிகால் உள்ள மேட்டு நிலத்தில் குழி. குழியின் அடியிலும் சுவரிலும் இலைகளை ஓடு வேய்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி பல அடுக்கு வைக்க வேண்டும். துண்டுகளை இட்டு மிதித்தோ அழுத்தியோ காற்றை வெளியேற்ற வேண்டும். மேலே இலைகளை மடித்து மூடி, மண் போட்டு, பாரத்துக்குக் கல் வைத்தால் முடிந்தது.

சில வாரங்களில் லாக்டிக் புளிப்பு ஏறி எல்லாம் பசை மாதிரி ஆகிவிடும். அதன் பிறகு அவ்வப்போது திறந்து, கறுத்த இலைகளை எடுத்துவிட்டுப் புது இலை அடுக்க வேண்டும். இந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வாழைக்காயையும் சேம்பையும் கூட இப்படிப் போடலாம்.

நெய்தல்நிலம்

உப்பே போடாமல் கெடாதா? நஞ்சாகாதா?

பனங்கூடல்

உப்பு தேவையில்லை, வேலை செய்வது புளிப்பு. காற்றில்லாத இடத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் லாக்டிக் அமிலமாகும். பி.எச். 4.5க்குக் கீழே இறங்கிவிட்டால் கொடிய நஞ்சு செய்யும் கிருமி வளராது.

கெடுவது மூன்று வழியில். ஒன்று, இலை கிழிந்து மண்ணும் மழைநீரும் உள்ளே போவது. நீர் புகுந்தால் அமிலம் ஐதாகி அந்தப் பக்கம் அழுகும். இரண்டு, சரியாக அழுத்தாமல் காற்றுப்பை விடுவது. அங்கே பூஞ்சணம் பிடிக்கும். மூன்று, அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தைப் போடுவது. நொதிக்க முன்பே நீர் விட்டுக் குழம்பாகிவிடும். ஓரத்தில் மட்டும் கெட்டிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் புது இலையில் மாற்றிவிடலாம், முழுக் குழியும் வீணாகாது.

எடுத்துச் சமைக்கும்போது வாடை கடுமையாகத்தான் இருக்கும். பிசைந்து, சில நேரம் புதிதாகத் துருவிய கிழங்கோ தேங்காய்ப்பாலோ சேர்த்து, இலையில் பொதிந்து, சுட்ட கற்கள் போட்ட மண்குழி அடுப்பில் வேகவைப்பார்கள். உமு என்பது அந்த அடுப்பு.

அகழ்குழி

பன்றி விஷயத்தை யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன், நானே சொல்லிவிடுகிறேன்.

சினாப்பூப்பு காலத்தில் பன்றி எலும்பு நிறைய. துவாக்கமாலி அடுக்குகளில் மேலே போகப் போக இல்லாமல் போகிறது. கி.பி. 1600ஐ ஒட்டித் தீவில் ஒரு பன்றி கூட இல்லை. ஏதோ நோயில் செத்தது என்று சொல்ல முடியாது. தோட்டத்தைத் தோண்டிக் கெடுத்ததால் முன்னோர்கள் கொன்றுவிட்டார்கள் என்று வாய்மொழி மரபே சொல்கிறது. அகழ்வும் மரபும் இவ்வளவு அழகாகப் பொருந்துவது அபூர்வம்.

பாலினேசியத் தலைவருக்குப் பன்றி என்பது வெறும் இறைச்சி இல்லை. விருந்து, பரிசு, மதிப்பு எல்லாம் அதில்தான். அதைக் கைவிடுவது சாதாரண முடிவு அல்ல.

மண்வெட்டி

கணக்குப்படி சரியான முடிவும் கூட. பத்துக் கிலோ உணவு போட்டால் ஒரு கிலோ இறைச்சி என்பது தோராயக் கணக்கு. பெரிய தீவில் பன்றிக்குக் காட்டில் உதிர்ந்ததைத் தின்ன விடலாம். காடே தோட்டமாகிவிட்ட தீவில் பன்றி தின்பது மனிதன் தின்னும் அதே சேம்பு. மூக்கால் கிளறிய நிலத்தில் சேம்பின் பக்கக் கன்றுகளும் போகும், அடுத்த நடவுக்கு விதை இருக்காது. வேலி போடலாம் என்றால் மரத்தோட்டத்தைச் சுற்றி வேலி போட முடியாது, பன்றியைச் சுற்றித்தான் போட வேண்டும். அப்போது தீனியைச் சுமந்து போட வேண்டியது மனிதன்.

புரதத்துக்குக் கடல் இருந்தது. திட்டுப் பாறையில் வலையும் தூண்டிலும், இரவில் தீப்பந்தம் பிடித்துப் பறக்கும் மீன், வெளிக்கடலில் பக்க மிதவை கட்டிய தோணி.

திசைகாட்டி

சார், ஒரு சந்தேகம். 1600 என்றால் தெ ரோட்டோ ஏரி கடலிலிருந்து அடைபட்ட காலமும் அதையொட்டித்தானே வருகிறது? அப்படியானால் இறைச்சியும் மீனும் ஒரே காலத்தில் குறைந்திருக்க வேண்டுமே.

அகழ்குழி

ஆமாம், அதை விட்டுவிடக் கூடாது. தெ ரோட்டோ முன்பு ஏரி அல்ல. எரிமலை வாயின் ஒரு பக்கம் கடலுக்குத் திறந்திருந்த குடா. கடைசிச் சில நூற்றாண்டுகளில்தான் அலை தள்ளிய மணல் திட்டு வாயை அடைத்து உள்ளே நன்னீர் சேர்ந்தது. குடாவாக இருந்தபோது கிடைத்த சிப்பியும் மீனும் அத்தோடு போயிற்று. தீவின் மிகப் பாதுகாப்பான மீன்பிடி இடம் அது. புயலடித்தாலும் உள்ளே அமைதியாக இருந்திருக்கும்.

அதை நம்பி வாழ்ந்தவர்கள் ஏரிப் பக்கத்து மக்கள். வாய்மொழி வரலாற்றில் ங்கா ராவெங்கா என்ற கூட்டம் கொல்லப்பட்டு அழிந்ததும், பிறகு ங்கா ஃபாயெயா என்ற கூட்டம் தோணிகளில் கடலுக்குத் துரத்தப்பட்டதும் சுமார் மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய தலைமுறைகளில் வருகின்றன. குடா மூடியதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் நிலமும் மீனும் சுருங்கிய பின்னணியில்தான் இந்தச் சண்டைகள் நடந்தன. திக்கோப்பியா அமைதித் தீவு என்று எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டு கூட்டம் அழிந்த பிறகு அவர்கள் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்றைய நான்கு குலங்களில் பெரும்பாலோர்.

பனங்கூடல்

அந்த நான்கு குலங்களின் அமைப்பையும் எழுதிவிடுகிறேன். காஃபிக்கா, தாஃபுவா, தவுமாக்கோ, ஃபாங்காரேரே. ஒவ்வொன்றுக்கும் அரிக்கி என்ற தலைவர். ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு பயிர்: காஃபிக்காவுக்கு வள்ளி, தாஃபுவாவுக்குத் தென்னை, தவுமாக்கோவுக்குச் சேம்பு, ஃபாங்காரேரேக்கு ஈரப்பலா. அந்தப் பயிரின் சடங்குப் பொறுப்பு அவரிடம். ஆண்டுக்கு இருமுறை நடந்த பெரிய சடங்குச் சுழற்சியில் தோணி, கோயில், நடவு, அறுவடை எல்லாம் வரிசையாக வரும்.

நிலத்தைப் பொறுத்தவரை ஒரு நல்ல வழக்கம் உண்டு. தரிசாகக் கிடக்கும் அடுத்தவர் நிலத்தில் ஒருவர் பயிர் வைக்கலாம், விளைந்ததும் உரியவருக்கு ஒரு கூடை கொடுத்தால் போதும். நிலம் சும்மா கிடக்காது, உரிமையும் போகாது.

கவா என்ற பானச் செடியின் வேரைத் தயாரித்துத் தெய்வத்துக்கு ஊற்றுவார்களே தவிர, பிஜி, தொங்கா போல உட்கார்ந்து குடிப்பதில்லை. மாறாக, பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும் போடும் பாலினேசியர் இவர்கள். மெலனீசிய அண்டை வீட்டாரிடமிருந்து வந்த பழக்கம்.

மஞ்சளும் பெரிய வேலை. கிழங்கைக் கழுவித் துருவி, நீரில் கரைத்து, நாரில் வடிகட்டி, தெளியவிடுவார்கள். படிவதில் மாவும் சாயமும் பிரியும். மாவு சாப்பிட. சாயத்தை மரக்குழலில் அடைத்து அடுப்பில் சுட்டால் கட்டியாகும். சடங்கிலும் விழாவிலும் உடம்பில் பூசுவதற்கும் துணிக்கு ஏற்றுவதற்கும் அதுதான்.

நெய்தல்நிலம்

எவ்வளவு விளைந்தாலும் வாய் கூடினால் தாங்காதே. மக்கள்தொகையை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள்?

திசைகாட்டி

இதைப் பதிவு செய்தவர் ரேமண்ட் ஃபர்த். நியூசிலாந்தில் பிறந்த மானிடவியலாளர். 1928 ஜூலையில் வந்து ஓராண்டு தங்கினார், 1952இல் ஜேம்ஸ் ஸ்பில்லியஸுடன் மறுபடி வந்தார். 1929, 1952 கணக்குகள் இந்த இரண்டு வருகைகளில் எடுத்தவை.

சடங்கின்போது தலைவர்களின் வாயால் அறிவுரை ஒன்று பகிரங்கமாகச் சொல்லப்படும்: நிலத்துக்கு ஏற்ற அளவு பிள்ளைகள் போதும், அதிகமானால் திருட்டு வரும். நடைமுறையில் வெளியே விந்துவிடல், கருக்கலைப்பு, பிறந்த குழந்தையை மூச்சடைக்கச் செய்தல், இளைய ஆண்மக்கள் திருமணம் செய்யாமல் இருத்தல். இளைஞர்கள் தோணியில் வெளிக்கடலுக்குப் போய்த் திரும்பாமல் போவதும் உண்டு. திரும்பி வரும் வாய்ப்பு குறைவு என்று தெரிந்தே போனார்கள்.

இதை "சூழல் அறிவு" என்று மெச்சி எழுதுவது எனக்கு உறுத்துகிறது. சுமை விழுந்தது பெண்கள் மேலும் இளைய மகன்கள் மேலும் பச்சைக் குழந்தைகள் மேலும். தீவு நிலைத்தது உண்மை, அதற்குக் கொடுத்த விலையும் உண்மை.

ஃபர்த் வந்தபோது ஏறத்தாழப் பாதித் தீவு கிறித்துவமாகியிருந்தது. மிஷன் இந்த முறைகளைத் தடுத்தது. 1,280இலிருந்து 1,750 என்றால் 23 ஆண்டில் 37 சதவீதம், ஆண்டுக்கு 1.4 அளவு. அந்த வேகத்தில் ஐம்பது ஆண்டில் இரட்டிப்பாகும். நிலம் அதே 4.6.

மண்வெட்டி

அந்த 1,750 பேர் மேல்தான் 1952 ஜனவரிப் புயல் வந்து விழுந்தது. காற்று தோட்டத்தை அடித்தது, கடல் தாழ்நிலத்தில் ஏறியது, பிறகு வறட்சி. 1953 மார்ச்சில் இரண்டாவது புயல். பனங்கூடல் சொன்ன மூன்றும் ஒன்றாக வந்த ஆண்டு.

பஞ்சத்தில் என்ன நடந்தது என்பதை ஃபர்த் அருகில் இருந்து பார்த்தார். மஸிக் குழிகள் காலியாயின. விதைக்கிழங்கையே தின்ன வேண்டிய நிலை வந்தது, அப்போதுதான் பஞ்சம் அடுத்த ஆண்டுக்கும் நீளும். திருட்டு பெருகியது. திருடுவார்களே என்று காய் முற்றும் முன்பே பிடுங்கியதால் விளைச்சல் இன்னும் குறைந்தது. சோறு பகிர்வது சுருங்கி ஒரு வீட்டு அடுப்போடு நின்றது. ஆனாலும் தலைவர்களின் அதிகாரமும் சடங்கும் உடையவில்லை. அரசு அரிசி அனுப்பியது.

புயலுக்குப் பின் மீளும் வரிசை இதுதான்: சர்க்கரைவள்ளி நான்கைந்து மாதம், சேம்பும் வாழையும் மரவள்ளியும் கிட்டத்தட்ட ஓராண்டு, முறியாத தென்னை மறுபடி காய்க்க ஓராண்டுக்கு மேல், புதிதாக நட்ட தென்னை ஆறேழு ஆண்டு. சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் வெளியார் தொடர்புக்குப் பின் வந்தவை. அவை இல்லாத பழைய காலத்தில் சேம்பும் வாழையும் மீளும் வரையான மாதங்களைக் கடக்கப் பெரும்பாலும் குழிதான்.

திசைகாட்டி

அதன் பிறகு தீர்வு வெளியே தேடப்பட்டது. 1950களின் நடுவிலிருந்து ரஸ்ஸல் தீவுகளில் உள்ள தென்னந்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் அங்கேயே நுக்குஃபேரோ என்ற ஊரை அமைத்தார்கள். மக்கீரா தீவில் இன்னொரு குடியேற்றம். பிறகு நாட்டின் தலைநகர் ஹோனியாரா. 1955 கொள்ளைநோயில் பலர் இறந்தபின் பழைய சமயத்தில் எஞ்சியிருந்த தலைவர்களும் மதம் மாறினார்கள், பெரிய சடங்குச் சுழற்சி அத்தோடு நின்றது.

வெளியார் வரலாற்றை ஒரு பத்தியில்: 1606இல் கிரோஸ் என்ற கடலோடி தவுமாக்கோ தீவில் (குலத்தின் பெயரும் தீவின் பெயரும் ஒன்று, குழப்பிக்கொள்ள வேண்டாம்) இந்தப் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, தீவைக் கண்டும் போனார். 1813இல் பீட்டர் டில்லன் என்ற கடலோடி இருந்த ஹன்டர் கப்பல் மார்ட்டின் புஷார்ட் என்ற பிரஷ்யரையும் அவர் பிஜி மனைவியையும் ஜோ என்ற இந்திய லாஸ்கர் மாலுமியையும் இங்கே இறக்கிவிட்டது. 1826இல் டில்லன் திரும்பி வந்தபோது ஒரு வெள்ளி வாள்பிடி இங்கே இருந்தது. வானிக்கோரோவிலிருந்து வந்தது என்றார்கள். 1788 முதல் காணாமல் போயிருந்த பிரெஞ்சுக் கடலோடி லா பெரூஸின் இரண்டு கப்பல்கள் அங்கே மூழ்கியது இப்படித்தான் தெரியவந்தது. டில்லன் கல்கத்தா போய்க் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ரிசர்ச் என்ற கப்பலை வாங்கிக்கொண்டு 1827இல் உறுதி செய்தார். வானிக்கோரோவோடு திக்கோப்பியர் போக்குவரத்து வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நெய்தல்நிலம்

2002 ஸோயி புயலில் ஒருவர் கூட இறக்கவில்லை என்று படித்தேன். காற்றழுத்தம் 890 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கிய அவ்வளவு கடும் புயலில் அது எப்படி?

கடல்மட்டம்

ஆம், 2002 டிசம்பர் 28. பத்து நிமிடச் சராசரிக் காற்று மணிக்கு 240 கி.மீ. ஆஸ்திரேலிய விமானப்படை விமானம் மேலே பறந்து எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் பலர் இறந்திருப்பார்கள் என்றே நினைத்தார்கள். கப்பலில் உதவி போய்ச் சேர ஒரு வாரம் ஆயிற்று. உயிரிழப்பு இல்லை.

காரணம், மலை பக்கத்திலேயே இருக்கிறது. பவளத் திட்டுத் தீவில் ஓடிப்போக உயரமே கிடையாது. இங்கே கரையிலிருந்து சில நிமிட நடையில் மேடு, பாறைக் குடைவு, குகை. வீடுகளும் பழைய முறையில் தாழ்வானவை, கூரை ஓலை தரைக்கு அருகே இறங்கும், வாசலில் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். விழுந்தாலும் ஓலையும் கழியும்தான் விழும், கான்கிரீட் அல்ல.

உண்மையான சேதம் ஏரியில். ராவெங்காப் பக்கம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மணல் திட்டு உடைந்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வயலில் ஏறிய உப்பை 4,000 மி.மீ. மழை சில மாதங்களில் கழுவிவிடும். ஏரி அப்படி இல்லை, வாய் திறந்திருக்கும் வரை ஒவ்வொரு ஓதத்திலும் புது உப்பு உள்ளே வரும். உப்புநீர் கனமானது, அடியில் போய்த் தங்கும். எரிமலை வாய் 80 மீ. ஆழம், அலையும் காற்றும் அடிவரை கலக்காது. ஆகவே வாயை அடைத்தால்கூட மேற்பரப்பு முதலில் நன்னீராகும், அடி வெகுகாலம் உப்பாகவே கிடக்கும். கரையோரச் சாகோவும் சதுப்புச் சேம்பும் போனது இதனால்தான்.

2006 இறுதியில் கம்பிவலைக் கூடைகளில் கல் நிரப்பி அணை கட்டி வாயை அடைத்தார்கள், ஊரே சேர்ந்து.

மண்வெட்டி

கம்பிவலைக் கூடை கடலில் எத்தனை நாள் தாங்கும்?

கடல்மட்டம்

பலவீனம் அதுதான். துத்தநாகம் பூசிய கம்பி உப்புத் தெறிப்பில் சில ஆண்டுகளில் மெலியும், அலையில் கல் உள்ளே உருண்டு கம்பியைத் தேய்க்கும். அதனால் கல்லை இறுக்கமாக, கையால் அடுக்கி நிரப்ப வேண்டும். கொட்டி நிரப்பினால் ஆடும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி என்றால் கூடுதல் காலம்.

அதைவிடப் பெரிய ஆபத்து அடியில். மணலின் மேல் நேராகக் கூடையை வைத்தால் நீர் அடிமணலை அரித்துக்கொண்டு போகும், கூடை சாயும். வடிதுணி விரித்து, கடல் பக்கம் தட்டையான பாய்போல ஒரு வரிசை முன்னே நீட்டி வைத்தால், அரிப்பு வந்தாலும் அந்த வரிசை வளைந்து இறங்கிப் பள்ளத்தை மூடும். கம்பிக்கூடையின் நன்மையே அந்த வளைவு, கான்கிரீட் அணை வளையாமல் பிளந்துவிடும். மூன்றாவது, மழை. ஏரிக்கு வடியும் நிலம் முழுதும் ஆண்டுக்கு நான்கு மீட்டர் மழை என்றால் அந்த நீர் எங்கேயாவது வெளியேற வேண்டும். கசிவும் வழிவும் விடாமல் இறுக அடைத்தால் உள்ளிருந்தே உடைக்கும். கூடையில் நீர் கசியும் என்பது குறையாகத் தெரியும், இங்கே அது தேவை. மேலே மணல் சேர்ந்து, தென்னையும் கரையோரச் செடியும் வேர்பிடித்தால் கம்பி போனபின்னும் திட்டு நிற்கும். அலை பழையபடி மணலைக் கொண்டுவந்து சேர்க்கும் வரை நேரம் வாங்கித் தருவதுதான் கூடையின் வேலை.

நெய்தல்நிலம்

செயற்கைக்கோள் படத்தில் அந்த உடைப்பு எங்கே என்று தெரியுமா?

கடல்மட்டம்

தீவைப் பெரிதாக்கினால் முதலில் கண்ணில் படுவது ஏரிதான். அதன் மேலே இருட்டாகத் தெரியும் சரிவு ரெயானி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மெல்லிய கீற்றாக ஓடுவது ராவெங்கா, உடைப்பு அந்தக் கீற்றில். மேற்குப் பக்கத் தாழ்நிலம் ஃபாயெயா. 2002க்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டால் கீற்றின் அகலம் மாறியிருப்பது தெரியும்.

பனங்கூடல்

அந்த ஊர்க்காரரிடம் வழி கேட்டால் மட்டும் கிழக்கு மேற்கு என்று சொல்ல மாட்டார்கள். கடல் பக்கம், மலைப் பக்கம் என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குள் இருக்கும் கோடரியையும், ஒருவர் கன்னத்தில் ஒட்டிய சேற்றையும் கூட "கடல் பக்கத்துக் கன்னம்" என்று குறிப்பிடுவதை ஃபர்த் பதிந்திருக்கிறார். தீவில் எங்கே நின்றாலும் அலை கேட்கும் என்பதால் அந்தத் திசை யாருக்கும் தப்பாது.